வளைய வணக்கம்

மருத்துவமனை வாசலில், அளவை வளையத்துக்குள் தணிகாசலம் நின்றார். இடது தோளிலிருந்து விரல்வரை வலி இழுத்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வளையம் இடுப்பை ஒருமுறை சுற்றி வந்து, உயரத்தால் வகுத்து, பச்சையாக ஒளிர்ந்தது.

"நூற்றுக்கு நாற்பத்தாறு. உள்கொழுப்பு சொற்பம். இதய அபாயம் இல்லை. வாழ்த்துகள்!"

நெஞ்சுவலிப் பிரிவின் கதவு சிவப்புக்குத்தான் திறக்கும்.

"சிஸ்டர், இவருக்கு நெஞ்சு வலிக்குது!" என்றாள் மனைவி பூங்கோதை.

"பச்சைக்கு நெஞ்சு வலிக்காதும்மா," என்றாள் கண்ணாடிக்கு அப்பாலிருந்த செவிலி ஜெசிந்தா. "வாயுவா இருக்கும். ஒரு சோடா வாங்கிக் குடுங்க."

"இவரு யாரு தெரியுமா? இந்த வளையத் திட்டத்துக்கே டைரக்டர்!"

ஜெசிந்தா பதறி எழுந்தாள். "ஐயோ, டைரக்டர் சாரா? அப்போ சாருக்கே தெரியுமே, பச்சைன்னா பச்சைதான்."

தெரியும். குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பை அறிய இரத்தப் பரிசோதனையும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டாவிட்டால் போதும் என்று ஊர் ஊராக மேடையேறி முழங்கியவர் அவர். பள்ளி, அலுவலகம், கல்யாண மண்டபம், எங்கும் வளையம் வந்தது. பச்சை வாங்காதவனுக்குப் பதவி உயர்வு இல்லை. ஆகவே வளையத்தைக் கண்டதும் மூச்சைப் பிடித்து, வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைக்க நாடே பழகிக்கொண்டது. 'வளைய வணக்கம்' என்று அதற்குப் பெயரும் வந்தது. தணிகாசலம் பதினோரு ஆண்டுகளாக ஒரு வணக்கமும் தவறவிட்டதில்லை. வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றியதும் வெளிப்படும் வயிறு, பூங்கோதைக்கு மட்டுமே தெரிந்த அரசாங்க இரகசியம்.

"மூச்ச விடுங்க," காதோரம் கெஞ்சினாள். "வீட்ல மாதிரி தொப்பைய விடுங்க. யாரும் பாக்கலை."

விட்டுப் பார்த்தார். வளையம் உறுமிக்கொண்டு நெருங்கியதும் வயிறு தானாக உள்ளே ஓடியது. பச்சை. வாழ்த்துகள்.

"வர மாட்டேங்குது, பூங்கோத..."

மூன்றாம் முறை கால் மடங்கி அங்கேயே சரிந்தார். நினைவு தப்பியது. பதினோரு ஆண்டுகள் ஒளிந்திருந்த வயிறு பொத்தான் தெறிக்க வெளியே வந்தது. வளையம் தாழ்ந்து வந்து அளந்து, சிவந்து அலறியது.

"அறுபத்து மூன்று! கடும் அபாயம்!"

"சிவப்பு! சிவப்பு வந்துடுச்சு! கதவத் திறங்க!"

ஜெசிந்தா திரையைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "படுத்த அளவு செல்லாதும்மா. போன மாசம்தான் சுற்றறிக்கை வந்துச்சு. நிமிந்து நிக்கணுமாம்."

"எந்தப் பாவி போட்டான் அத?"

சுற்றறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்தை ஜெசிந்தா பார்த்தாள். பிறகு தரையில் கிடந்தவரைப் பார்த்தாள்.

காவலர்கள் இருவர் தணிகாசலத்தின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் மெல்லக் கண் திறந்தார். எதிரே வளையம் சுற்றத் தொடங்கியிருந்தது.

வயிறு வணங்கியது.