ஏவுகோலில் சிக்கிய இரண்டு

அணைந்த விளக்குகள் எல்லாம் திரும்ப எரிந்துவிட்டன. அம்மா மட்டும் இன்னும் திரும்பவில்லை.

நித்திலா ஏவுகோலின் பித்தான்களை மாற்றி மாற்றி அமுக்கினாள். திரைச்சுவரில் பாட்டுப்போட்டி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மின்விசிறி சுழன்றது. கூரையின் புதுவிளக்கு மஞ்சளாகி, நீலமாகி, மறுபடி மஞ்சளானது. சோபாவில் அம்மா வசுமதி, சிரித்துக்கொண்டிருந்தவள், சிரிப்பின் நடுவிலேயே நின்றுபோய் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி உரித்த பூண்டு. கண்ணீர் தாடை வரை வழிந்து சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அம்மா! என்னம்மா ஆச்சு? ஏதாச்சும் பேசும்மா!"

நித்திலாவின் கை நடுங்கியது.

அவள் ஒன்றும் பெரிய காரியம் செய்துவிடவில்லை. புதுக் கூரைவிளக்கு ஏவுகோலின் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு ஓர் ஏவுகோல். விளக்கு, விசிறி, திரைச்சுவர், ஒலிப்பெட்டி எல்லாம் அதற்குத்தான் பணியும். புதிதாக எதை வாங்கினாலும் 'தேடு' பித்தானை அமுக்கிப் பிடித்தால் போதும். தனக்குத் தெரிந்த இலட்சக்கணக்கான குறிகளிலும் 'அணை' என்ற கட்டளையைக் கோல் வரிசையாக வீசும். எது அணைகிறதோ அது சிக்கிவிட்டது. அன்றுமுதல் கோல் சொன்னபடி ஆடும். அந்தப் பித்தானைத்தான் நித்திலா அமுக்கியிருந்தாள்.

கோலின் முதுகில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. உடம்புக்குள் கருவி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருக்கும்போது தேடவேண்டாம் என்று. ஆயுத பூஜையன்று அப்பா கனகவேல் வைத்த சந்தனம் சரியாக அதன்மேல்தான் அப்பிக் காய்ந்திருந்தது. பூஜையில் வைத்த பொட்டைச் சுரண்டலாமா? யாரும் சுரண்டவில்லை.

கோலின் சின்னத் திரையில் புதிதாக மூன்று சிக்கியிருந்தன. ஒன்று கூரைவிளக்கு. மற்ற இரண்டுக்கும் பெயரில்லை. நித்திலா அவற்றின்மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"அமுக்காத கண்ணு."

அம்மாவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலை நித்திலா கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

"டாக்டரைக் கூப்புடட்டுமா? அப்பாவுக்குப் போன் போடறேன்..."

"யாரையும் கூப்புட வேண்டாம். உங்கப்பா எப்புடியும் இப்ப வந்துருவாரு." அம்மா வலது காதின் பின்னால் விரலை வைத்துத் தடவினாள். "மணி நின்னுபோச்சு."

தணிமணி! காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் வைக்கிற கடுகளவு மணி. மூளையில் ஆத்திரமும் திகிலும் துக்கமும் கிளம்பும் இடத்தைத் தட்டித் தூங்கவைத்துவிடும். நினைவு போகாது, புத்தி மங்காது. எதுவும் உறைக்காது, அவ்வளவுதான். விலை மலிவாக இருக்கட்டும் என்று விளக்குக்கும் விசிறிக்கும் போடுகிற அதே மின்சில்லைத்தான் அதற்குள்ளும் போட்டிருந்தார்கள். கோயமுத்தூரில் இப்போது கல்யாணச் சீரில் குத்துவிளக்கோடு அதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். யார் வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை. "என்ற ஊட்ல அந்தக் கருமமெல்லாம் கெடையாது. வசுமதிக்குக் கொணமே அப்புடி" என்று அப்பா விருந்தாளிகளிடம் பெருமையடிப்பார்.

"உனக்கா? நீ இயல்பாவே அமைதின்னு..."

"நானா?" அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "பள்ளிக்கூடத்துல ஒருத்தன் மண்டைய டிபன் பாக்ஸால ஒடைச்சவ நானு. நீ ரெண்டாவது படிக்கறப்ப உன்னையும் கூட்டிட்டுக் கெளம்பறதுக்குப் பொட்டி கட்டிட்டேன். ரெண்டு பக்கத்துச் சொந்தமும் வந்து உக்காந்துச்சு. புள்ளைய நெனச்சுப் பாரு, புள்ளைய நெனச்சுப் பாருன்னு ராத்திரி பூரா அதே பேச்சு. சுருக்குன்னு இருக்கும், அப்பறம் ஒண்ணுமே இருக்காதுன்னாங்க. நெசந்தான். ஒண்ணுமே இல்ல."

"அப்பாவுக்கும் இருக்குதா?"

"கோவப்படறவங்களுக்கு எதுக்குடி அது? கோவத்தத் தாங்கறவங்களுக்குத்தான்."

நித்திலா கோலின் திரையைப் பார்த்தாள். "இதுல ரெண்டு காட்டுதும்மா. இன்னொண்ணு யாரு? பக்கத்து ஊட்டு அக்காவா?"

அம்மா பூண்டு வாசம் வீசும் கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் அவள் கைக்கும் தாவியது.

"எப்புடி நடுங்குது பாரு," என்றாள், ஏதோ பரிசு கிடைத்தவள் போல. "நீ பயந்து நான் பாத்து எத்தன நாளாச்சு! பரீட்சைக்குப் பயந்து பாத்ரூமுக்குள்ள தாப்பாப் போட்டுட்டு உக்காந்தியே, ஞாபகம் இருக்குதா? அதுக்கப்பறம் ரெண்டாவது கம்மல் குத்தறதுக்குன்னு உன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரே உங்கப்பா..."

நித்திலாவின் விரல் தானாகவே காதின் பின்னால் போனது. அங்கே ஏதோ நெருடியது.

"மார்க்கு கொட்டுச்சு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நம்ம மொட்டு வண்டில அடிபட்டுச் செத்தன்னிக்கு நீ கை கழுவிட்டு வந்து தட்டு முன்னால உக்காந்த. நானும் சிரிச்சுட்டே ரசம் ஊத்துனேன். தப்புன்னு ரெண்டு பேருக்குமே தோணல."

மொட்டு அவர்கள் வளர்த்த நாய்க்குட்டி. அது செத்ததை நித்திலா மறந்ததில்லை. ஆனால் இப்போதுதான் அது அவள் மடியில் செத்தது. அந்தக் கனம், அந்தச் சூடு, மூடாத கண். பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. அப்பா தட்டை வீசிய சத்தம், கதவுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கம்மிப்போன இரவுகள், எழுதப்போகும் பரீட்சைகள். உறைக்காமல் விட்டதெல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது.

அம்மா எழுந்துபோய் ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வந்தாள். "வா, போலாம். லிப்டுல எறங்கிட்டா கோலு எட்டாது. நாளைக்கே ரெண்டையும் எடுத்துப்போடலாம்."

"எங்கம்மா போறது?"

"அது தெரியல."

"நாளைக்கு டெஸ்ட்டு இருக்குதும்மா."

"இருந்துட்டுப் போகட்டும்."

கனகவேல் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டார் என்று வீடு தன் இனிய குரலில் அறிவித்தது. அம்மா கதவைத் திறந்தாள். வெளிறிப்போயிருந்தாள். ஆனாலும் காலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். "படிக்கட்டுல போயிரலாம். வா அம்மிணி."

"என்னால தாங்க முடியலம்மா. உனக்குப் பயமா இல்லியா?"

"உசுரே போகுது. பயந்துட்டே நட. எனக்கும் அப்புடித்தான் வருது."

நித்திலா ஓரடி எடுத்து வைத்தாள். லிஃப்டு ஏறி வருகிற இரைச்சல் கேட்டது. அப்பாவின் முகமும் இருட்டுப் படிக்கட்டும் எங்கே என்று தெரியாத நாளையும் ஒன்றாக அவள்மேல் கவிந்தன. இது நின்றால் போதும், எப்படியாவது நின்றால் போதும் என்று மட்டுமே அவளுக்கு இருந்தது. கோல் இன்னும் கையில்தான் இருந்தது. அம்மா பார்த்துவிட்டாள். "வேண்டாம் சாமி," என்றாள்.

நித்திலா 'எல்லாம் எரி' பித்தானை அமுக்கினாள்.

மூச்சு சீராக வந்தது.

வாசலில் நின்ற அம்மா கையிலிருந்த பையைப் பார்த்தாள். "நாளைக்குப் பாத்துக்கலாம், என்ன அவசரம்?" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினாள். ஈரமான முகத்தை முந்தானையில் துடைத்தாள். உட்கார்ந்து பூண்டை எடுத்துக்கொண்டாள். திரைச்சுவரில் யாரோ ஏதோ சொல்ல, சிரித்தாள்.

கனகவேல் உள்ளே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். "அட, இதுவும் கோலுக்கு அடங்கிருச்சா? ஆரு சேத்துனது? என்ற புள்ளையா கொக்கா! வசு, தண்ணி கொண்டா." குடித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நித்திலா புத்தகத்தை விரித்தாள். எதையும் மறக்கவில்லை. அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும், "வேண்டாம் சாமி" உட்பட, பாடம்போலத் தெளிவாக இருந்தது. எதுவும் வலிக்கவில்லை. கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பெயரில்லாத இரண்டும் அதில் அப்படியே இருந்தன. மறுபடி அணைக்கலாம். ஆனால் இப்படி அமைதியாக உட்கார்ந்திருப்பவளுக்கு அணைக்க ஒரு காரணமும் இல்லை. அணைத்தால் வரப்போகிற இன்னொரு நித்திலாவுக்கோ மணியை அணைத்தே வைத்திருக்கத் தெம்பில்லை. அந்தப் பித்தான் இந்த இருவரில் யாருடையது?