அடியில் இருப்பவை

வெள்ளிக்கிழமை மதியம். பாண்டுங் மழை ஆய்வு நிலையத்து ஆண்களெல்லாம் தொழுகைக்குப் போய்விட்டார்கள். லிலிஸ் காத்திருந்தது இந்த நேரத்துக்குத்தான். சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

புதுக் காவலாளி தோகர் கிறிஸ்தவர் என்பதால் காவலில் இருந்தார். அக்கா என்பதை அந்த ஊர் வழக்கில் ‘தேத்தே’ என்பார். “என்ன தேத்தே, மெஷினுக்குச் சோறு ஊட்டப் போறீங்களா?”

“ஆமா. யாரையும் உள்ள விடாதீங்க.”

இரண்டு வருடங்களுக்கு முன், ஜப்பான் போகும் வாய்ப்பு உடன் வேலை செய்த விந்திக்குத்தான் என்று பேச்சு வந்தபோது லிலிஸுக்கு வயிறு எரிந்தது. சர்வரில் விந்தியின் கோப்புறை மேல் ஒரு வெற்று வட்டைப் பொருத்தினாள். அப்படிப் பொருத்தினால் அடியில் இருப்பவை அழியாது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஐந்து வருட மழைக்கணக்கைத் தொலைத்துவிட்டாள் என்று விந்தி மேல் பழி விழுந்தது. பச்சைச் செருப்போடு, அழுதுகொண்டே பைக்கில் ஏறிய விந்தி வீடு சேரவில்லை.

ஜப்பானுக்கு லிலிஸ் போய் வந்தாள். ஆனாலும், “விந்தி இருந்திருந்தா…” என்று யாராவது சொன்னால் இன்றும் எரியும்.

நாளை இயந்திரம் புதுக் கட்டிடத்துக்குப் போகிறது. வட்டுகளைப் புதிதாகப் பொருத்தும்போது அடியில் இருப்பது வெளியே தெரிந்துவிடும். இன்றே வட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

உள்ளே குளிர். விசிறிகளின் இரைச்சல். அதோடு காயுபுத்தித் தைலத்தின் வாசனை. இந்தக் குளிர் தாங்காமல் கழுத்தில் அதைத் தேய்த்துக்கொள்பவள் ஒருத்திதான் இருந்தாள்.

கழற்றும் கட்டளையைத் தட்டினாள்.

முடியாது, உள்ளே ஒருவர் வேலை செய்கிறார் என்றது திரை.

யார் என்று கேட்டாள்.

விந்தி.

விந்தி இறந்த நாற்பதாம் நாள் அவளுடைய பயனர் கணக்கை நீக்கியவளே லிலிஸ்தான்.

தன் கோப்புறையைத் திறந்தாள்.

காலி.

ஜப்பானில் செய்த வேலை ஒன்றுகூட இல்லை. அதன் மேலும் ஒரு வெற்று வட்டு பொருத்தப்பட்டிருந்தது. கழற்றப் பார்த்தாள். அதே பதில். அதே பெயர்.

“என்னோடத விட்டுடு விந்தி,” என்று கிசுகிசுத்தாள்.

பின்கழுத்தில் ஏதோ ஈரமாகப் பட்டது. தொட்டு முகர்ந்தாள்.

தைலம்.

கதவு தட்டப்பட்டது. “தேத்தே, எல்லாரும் திரும்பிட்டாங்க. ரெண்டு பேரும் வெளிய வாங்க.”

“நா… நான் ஒருத்திதான்.”

“விளையாடாதீங்க. உங்க செருப்ப எங்கன்னு தேடினேன்,” என்று தோகர் சிரித்தார். “பச்சைச் செருப்புக்கு அடியில கெடக்கு.”