நடந்தால் வளர்ந்துவிடும் நடைகூடம்

ஹெட்டியின் பள்ளிக்கூடத்தில் ஒரு நீண்ட நடைகூடம் உண்டு. இந்தக் கோடியில் நான்கு வயதுக் குழந்தைகளின் வகுப்பு. அந்தக் கோடியில் பதினெட்டு வயது அண்ணன்களும் அக்காக்களும் படிக்கும் வகுப்பு. நடுவே இசை, வரலாறு, லத்தீன், வேதியியல் என்று வரிசையாக அறைகள். விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு ஒரே அறையில் தொடங்கிய பள்ளி அது. பிள்ளைகள் வளர வளர, பக்கத்தில் ஒவ்வோர் அறையாகக் கட்டிக்கொண்டே போனார்களாம்.

இன்று பள்ளியின் பிறந்தநாள். பள்ளியிலேயே சின்னப் பிள்ளை அந்தக் கோடிவரை நடந்துபோய், மூத்த மாணவரோடு சேர்ந்து கேக் வெட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் துண்டு கிடைக்கும்.

இந்த ஆண்டு சின்னப் பிள்ளை ஓட்டிஸ். அவனை அழைத்துப் போகும் பொறுப்பு ஆறாம் வகுப்பு ஹெட்டிக்கு. அவனோ கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"நான் வரமாட்டேன், போ!"

"ஏன்டா? ஜாம் வெச்ச கேக்குடா!"

"அங்க போனா நான் பெரியவனாயிடுவேன். மீசை வந்துடும். சாயங்காலம் எங்கம்மாவுக்கு என்னை அடையாளமே தெரியாது."

"யாருடா சொன்னது?"

"பென்ரோஸ் மிஸ்தான். இந்தப் பக்கம் குட்டியா வர்றவங்க, அந்தப் பக்கம் பெரியவங்களா வெளிய போவாங்களாம்."

ஹெட்டிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் நடைகூடத்தை எட்டிப் பார்த்தாள். காலை வெயிலில் தூசி பொன்னாக மிதந்தது. தூரத்துக் கதவுகள் கனவில் வருவதுபோல மங்கித் தெரிந்தன. ஒருவேளை உண்மையாக இருக்குமோ? ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது.

"ஹெட்டி, எல்லாரும் காத்துட்டிருக்காங்க. அவனைத் தூக்கிட்டு வந்துடும்மா!" என்றார் பென்ரோஸ் ஆசிரியை.

"வேண்டாம் மிஸ். அழ வெச்சுக் கூட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? மூத்தவங்களை இங்க வரச் சொல்றேன்."

ஓடக்கூடாத நடைகூடத்தில் அவள் ஒரே ஓட்டமாக ஓடினாள்.

கேக் தட்டோடு ரேஃப் வந்தான். பள்ளியிலேயே மூத்தவன், நெட்டைக்கொக்கு. அடுத்த மாதம் பள்ளியை விட்டே போகப்போகிறவன். ஒவ்வோர் அறையையும் எட்டிப் பார்த்தபடி மெதுவாக நடந்தான். வேதியியல் அறையின் நெடி போய், லத்தீன் முணுமுணுப்பு போய், பியானோ ஒலியும் பின்னால் போனது. கடைசியில் அவன் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் முகவாயை இடித்தது.

ஓட்டிஸ் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "அங்கேருந்து நடந்து வந்தும் நீ குட்டியா ஆகவே இல்லையே!"

"ஆகலைடா," என்றான் ரேஃப். "குட்டியா ஆயிட்டா நல்லா இருக்கும்னு ஆசையாத்தான் வந்தேன்."

"அப்போ நடந்தா ஒண்ணும் ஆகாதா?"

"ஒரே நாள்ல ஒண்ணும் ஆகாது," என்றாள் ஹெட்டி.

இருவரும் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ரேஃப் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஓட்டிஸ் ஜாம் ஒட்டிய கையை அவனிடம் நீட்டினான். "தனியாப் போக பயமா இருக்கா? வா, நான் கொண்டுபோய் விடறேன்."

நெட்டை ரேஃப் குனிந்து அந்தப் பிசுபிசுத்த கையைப் பிடித்துக்கொள்ள, ஓட்டிஸ் அவனைப் பத்திரமாக அந்தக் கோடிவரை கூட்டிப் போனான்.