கடைசி ரைடும் வளைவுக் கம்பமும்

"ஒயர அறுத்தது எம் புருஷன் இல்லக்கா! அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள ஊரே போன் போட்டுத் திட்டித் தீத்துடுச்சு. இப்ப சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் போட்டு அவர வெளிய தள்ளப் போறாங்க."

செண்பகம் இன்னும் உட்காரவில்லை. விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒற்றை அறை அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் அம்சா. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் துருவி எடுத்தவர்; இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். மூலையில் டிவிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு நின்றவன் அவருடைய உதவியாளன் பிரான்சிஸ்.

"அக்கா, நேத்து பீரோவ நகத்தினதுலேர்ந்து டிவி வரவே இல்ல. வைஃபை மட்டும் ஃபுல்லா வருது. ஒரே பேஜாரா கீது!"

"அப்புறம் பாரு. செண்பகம், நீ மொதல்லேர்ந்து சொல்லும்மா."

அவள் கொட்டித் தீர்த்தாள். திண்டிவனம் பக்கத்துக் கேபிள்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒளிவலை கூட்டுறவுச் சங்கம். டிவி, இன்டர்நெட், வீட்டு போன், மூன்றும் ஒரே கண்ணாடி இழை ஒயரில் போகும். ஒவ்வொரு ஊர் லைனும் ஒரு உறுப்பினர் பொறுப்பு. பிரம்மதேசம் லைன் அவள் கணவன் சவுரிராயனுடையது. ஞாயிறு மாலை திண்டிவனத்தில் கபடி ஃபைனல், பிரம்மதேசமும் பெருமுக்கலும். சங்கத்துச் சேனலில் நேரடி ஒளிபரப்பு. இரண்டு பக்கமும் புள்ளி சமம், கடைசி ரைடு, பிரம்மதேசத்துப் பையன் கோட்டைத் தாண்டிப் போகிறான். அந்த நேரம் பார்த்து பிரம்மதேசம் முழுக்க டிவி இருண்டுவிட்டது!

"அய்யோ! அப்புறம் யாரு ஜெயிச்சது?" என்று பிரான்சிஸ் பாய்ந்து வந்தான்.

"அதத்தான் ஊரே கேக்குது. அந்த நேரமே இவரு லைன் முழுக்க டார்ச் அடிச்சுப் பாத்தாரு. எங்கயும் அறுவலன்னு சொன்னாரு. பெருமுக்கல் தாண்டி வளைவுக் கம்பத்துல மட்டும் எவனோ பேனர் கட்டியிருந்தான், காத்துல சுருண்டு கெடந்ததால அதுல யாரு மூஞ்சின்னு தெரியலன்னாரு. ஆனா திங்கக்கிழம மதியம் டைரக்டருங்க போயிப் பாத்தா அதே எடத்துல ஒயரு துண்டா தொங்குது. பேனரும் இல்ல ஒண்ணும் இல்ல. போன மீட்டிங்ல ஏணி வாங்கித் தரலன்னு கோவத்துல, ஒருநா லைன அறுத்துவுட்டாத்தான் ஒங்களுக்குப் புத்தி வரும்னு இவரு கத்திப்புட்டாரு. அத வச்சே புடிச்சிக்கினாங்க. அந்த லைன் போச்சுன்னா எங்களுக்கு வேற பொழப்பு இல்லக்கா."

அம்சா பேனாவைக் கீழே வைத்தார். "திட்டினவங்க எல்லாம் எந்த போன்ல கூப்பிட்டாங்க? செல்லுலயா?"

"எங்க ஊர்ல டவர் ஏதுக்கா? சங்கத்து போன்லதான். மேட்ச் நின்ன நிமிஷத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஓயாம அடிச்சுது."

அம்சா பிரான்சிஸைப் பார்த்தார், பிறகு பீரோவைப் பார்த்தார். "டேய், கார எடு. ஜல்தி!"

பெருமுக்கல் தாண்டியதும் பிரம்மதேசம் போகும் சாலை வளைகிறது. வளைவில் சங்கத்தின் கம்பம் ஒன்றுதான். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை விளையும் நிலம். மேலே ஒயர் வளையமாகச் சுற்றித் தொங்கியது, நடுவில் புதிதாக ஒட்டுப்போட்ட பெட்டி. பிரான்சிஸ் பெருமுக்கலில் இரவல் வாங்கி வந்த ஏணியில் ஏறினான்.

"அக்கா, ஒட்டுக்குப் பக்கத்துல ஒயர் நசுங்கிக் கீது! கம்பி வச்சு முறுக்கின மாதிரி தடம். அறுக்கறவன் எதுக்குக்கா முறுக்கறான்?"

"நல்ல கேள்வி. எறங்கு."

கொல்லை ஓரத்தில் கோவிந்தம்மாள் மல்லாட்டையைக் காயவைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். தார்ப்பாய் இல்லை, வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு பெரிய ஃபிளெக்ஸ்.

"பாயி நல்லா கீதே, எங்க வாங்கினீங்க?" என்றார் அம்சா.

"வாங்கறதா? நேத்து கால்வாயில கெடந்துச்சும்மா. எவனோ எறிஞ்சுட்டுப் போயிட்டான். எங்களுக்கு இந்தப் பேனருங்களால ஆவற ஒரே நல்லது இதுதான்."

"நேத்து எப்ப?"

"காலையில. வானூர்ல கீற எம் பொண்ணுகிட்ட, இதே லைன்ல வர்ற வீட்டு போன்ல பேசிக்கினு இருந்தேன். ஸ்கூல் வேன் ஹாரன் அடிச்சுது, பட்டுனு போன் செத்துப் போச்சு. சரின்னு கொல்லைக்கு வந்தா இது கெடக்குது."

பிரான்சிஸுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூலையைத் தூக்கிப் புரட்டினான். மல்லாட்டை சரசரவென உருண்டது. கோவிந்தம்மாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பேனரில், இரண்டு அணிக்கும் வாழ்த்துச் சொல்லி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது ஒரு முகம். மூலை ஓட்டைகளில் கட்டுக்கம்பி முறுக்கியபடியே இருந்தது.

"யாருக்கா இது?"

"கூட்டத்துல பாப்போம். அம்மா, இத ஒரு நாளைக்குக் குடுங்க. புதுத் தார்ப்பாயே வாங்கித் தர்றேன்."

திண்டிவனத்தில் சங்கத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் தலைவர் பெரியசாமி. பக்கத்தில் டைரக்டர் திருமுருகன், அடுத்த மாதத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்பவர். பிரான்சிஸ் அவரைப் பார்த்ததும் அம்சாவின் கையைக் கிள்ளினான். பேனர் முகம்!

"ஞாயித்துக்கெழம மேட்ச் நின்ன ஒடனே நானே வண்டி எடுத்துக்கினு போயிப் பாத்தேன்," என்று திருமுருகன் முழங்கினார். "வளைவுல ஒயரு துண்டா அறுந்து தொங்குச்சு. சவுரிராயன் பண்ண வேலதான். நீக்கறதத் தவிர வேற வழியில்ல!"

முன்வரிசையில் சவுரிராயன் தலையை நிமிர்த்தவில்லை. அம்சா எழுந்தார்.

"தலைவரே, செண்பகத்துக்காக ரெண்டே கேள்வி. டிவி நின்னதும் சவுரிராயனுக்கு போன் போட்டுத் திட்டினவங்க கை தூக்குங்க."

பிரம்மதேசத்து ஆட்கள் ஒருவர் விடாமல் பெருமையாகத் தூக்கினார்கள்.

"வீட்டு போன்லதானே? அது எந்த ஒயர்ல வருது?"

பின்னாலிருந்து யாரோ, "டேய், அறுந்த ஒயர்லயாடா அவன அவ்ளோ நேரம் திட்டினோம்!" என்று கத்த, கூடம் அதிர்ந்தது.

"அப்ப டிவி மட்டும் எப்படிப் போச்சு?" என்றார் பெரியசாமி.

"பிரான்சிஸ்!"

இந்த நொடிக்காகவே காத்திருந்தவன் கூடத்து டிவிக்குப் பின்னால் ஓடினான். டிவிக்கும் தலைவர் மேசை போனுக்கும் சேர்ந்து வரும் மெல்லிய இழை ஒயரை ஒரு பேனாவில் இறுக்கிச் சுற்றினான். திரை அணைந்தது. மறு கையால் செல்போனில் அழுத்தினான். தலைவர் மேசையில் இருந்த சங்கத்து போன் கணகணவென்று அடித்தது! கூடமே எழுந்து நின்றது.

"எடுங்க தலைவரே, நான்தான்!" என்று டிவிக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

அம்சா நிதானமாகச் சொன்னார். "ஒயரு மடிஞ்சாலோ நசுங்குனாலோ மொதல்ல சாவறது டிவி. நெட்டும் போனும் தாக்குப்புடிக்கும். எங்க ஆபீஸ்ல இவன் பீரோவ ஒயர் மேல தள்ளி வச்சதுலதான் எனக்கே புரிஞ்சுது. ஞாயித்துக்கெழம ஒயர் அறுவல, நசுங்கிச்சு. அறுத்தது திங்கக்கிழம காலையில, கோவிந்தம்மாள் போன் பாதியில நின்னப்ப, ஸ்கூல் வேன் வர்ற நேரத்துல. அந்த நேரம் சவுரிராயன் எங்க இருந்தாரு?"

பெரியசாமி தொண்டையைக் கனைத்தார். "இங்கதாம்மா. மொத பஸ்சுல வரச் சொல்லி, விடியறதுலேர்ந்து நான்தான் நிக்கவச்சுத் திட்டிக்கினு இருந்தேன்." பிறகு மெல்லத் திரும்பினார். "திருமுருகா, நீ மட்டும் அன்னிக்கு லேட்டா வந்தியேப்பா?"

பிரான்சிஸ் பேனரை உதறி விரித்தான். நாலைந்து மல்லாட்டை மேடையில் உருண்டன.

"சங்கத்துக் கம்பத்துல எவனும் பேனர் கட்டக் கூடாதுன்னு வெளிய பலகையில ஒட்டியிருக்கே, போன வருஷம் அந்தத் தீர்மானம் கொண்டாந்தது யாருங்க?" என்றார் அம்சா. "ஞாயித்துக்கெழம ராத்திரி அறுந்து தொங்குச்சுன்னு இப்ப சொன்னவரு யாருங்க?"

திருமுருகன் உட்கார்ந்துவிட்டார். "நான் வேணும்னு பண்ணல. ஒயரோட சேத்துக் கட்டிட்டேன், காத்துல பேனர் இழுத்து இறுக்கிப்புடுச்சு. காலையில போயி அவுத்தேன், நசுங்குன தடம் அப்படியே தெரிஞ்சுது. எம் மூஞ்சியாலதான் ஃபைனல் நின்னுச்சுன்னு தெரிஞ்சா ஒரு ஓட்டு வுழுமா? அதான் அறுத்துட்டேன்."

"நீக்கு! நீக்கு!" என்று பாதிக் கூடம் கத்தியது. பெரியசாமி கையமர்த்தினார். "சவுரி, நீ சொல்லுப்பா."

சவுரிராயன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "எனக்கு ஏணி வேணும். அது அப்புறம். இவர நீக்காதீங்க. தேர்தல்ல நிக்கக் கூடாது, அவ்ளோதான். ஒரு மாசம் எங்க ஊர்ல ஒக்காந்து இவரே புகார் போன எடுக்கட்டும். மொத போன் எம் பொண்டாட்டியோடது."

"மொதல்ல அந்தக் கடைசி ரைடப் போடுங்கய்யா!" என்று பிரான்சிஸ் அலறினான். போட்டார்கள். பிரம்மதேசத்துப் பையன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டை ஒரு விரலால் எட்டிப் பிடித்தான். இரண்டு நாள் தாமதமாக விசில் பறந்தது. செண்பகம் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் பெரியசாமி வாக்கெடுப்புக்கு அழைத்தார். திருமுருகனை நீக்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், சவுரிராயன் சொன்னதே சரி என்பவர்கள் மறு பக்கம். இரண்டு பக்கமும் சரிசமமாகக் கைகள். இன்னும் ஒரு கைதான் தேவை. நீங்கள் அங்கே இருந்திருந்தால் எந்தப் பக்கம் தூக்கியிருப்பீர்கள், சொல்லுங்கள்?