பின்வாசல் கனவான்கள்

"ஐயோ... போச்சு! எங்கப்பா குடுத்த வெள்ளிக் குவளை போச்சு!"

மாஜிஸ்திரேட் அம்ப்ரோஸ் விக்கரியின் மனைவி போட்ட அலறலில், தெருவில் மேய்ந்துகொண்டிருந்த பன்றிகள் துறைமுகம் வரை ஓடின.

1762. மேரிலாந்துக் கரையில் கிரேவ்டன் என்ற சின்ன ஊர். வியாழக்கிழமை காலை எட்டு மணி.

சாப்பாட்டு அறை அலமாரி திறந்து கிடந்தது. குவளை... அதை வைத்திருந்த தோல் பெட்டியோடு காணோம்!

விக்கரி சோளக்கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். விசாரணை நடத்தினார். சரியாக அரை நிமிஷம்.

"ஹனோரா! நீதானேடி?"

ஹனோரா அந்த வீட்டு வேலைக்காரி. அயர்லாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவள். கையிலிருந்த துடைப்பம் நழுவியது.

"பெட்டியை நான் கொண்டு போகலைங்கய்யா! சத்தியமா கொண்டு போகலை!"

"வேற யாரு? இந்த வீட்ல ஏழைன்னு இருக்கறது நீ ஒருத்திதான்!"

சட்ட நுணுக்கம் அவ்வளவுதான்!

ஒன்பது மணிக்குள் அவளைச் சிறையில் தள்ளியாகிவிட்டது. திங்கட்கிழமை வழக்கு. எஜமான் வீட்டு வெள்ளியில் கை வைத்தால்...

தூக்கு!

*

"ஹெஸ்டரம்மா... மாஜிஸ்திரேட் ஐயா விளம்பரம் குடுத்தனுப்பிச்சிருக்காரு. 'திருடி பிடிபட்டாள், குவளையைக் கண்டவர் தகவல் தரவும்'னு நாளைக்குப் பேப்பர்ல வரணுமாம்."

சொன்னவர் கான்ஸ்டபிள் க்ரம்ப். தொழில், பீப்பாய் செய்வது. கான்ஸ்டபிள் வேலை வேண்டாம் என்று ஊரில் எல்லோரும் ஓடியபோது, கால்வலியால் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டவர்.

ஹெஸ்டர் டன்வூடி, ஊரின் ஒரே வாரப் பத்திரிகையைத் தனி ஆளாக அச்சடிக்கும் விதவை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"அவ மூட்டையில குவளை இருந்துச்சா?"

"இல்லம்மா."

"அவ எடுத்ததை யாராவது பார்த்தாங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதை வெச்சு அவதான்னு சொல்றே?"

"மாஜிஸ்திரேட்டே சொல்றாரே! இதுக்கு மேல சாட்சி வேறயா?"

க்ரம்ப் நொண்டிக்கொண்டே போனார்.

ஹெஸ்டர் விளம்பரத் தாளை மேஜைமேல் போட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அம்மையில் கிடந்தபோது, ஊரே எதிர்ப்பக்கமாக நடந்தது. கஞ்சிப் பானையோடு வாசற்படி ஏறியவள் ஹனோரா ஒருத்திதான்.

அந்தக் கழுத்திலா கயிறு?

மாஜிஸ்திரேட்டின் விளம்பரம் அடுப்புக்குள் போனது. ஹெஸ்டர் ஈய எழுத்துக்களைப் பொறுக்கிப் புதிதாக ஒன்றைக் கோத்தாள்.

'அடுத்தவர் பொருளை எடுத்த கனவானே! நான் உம்மைப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை மதியத்துக்குள் பொருளோடு என் பின்வாசலுக்கு வாரும். தவறினால், உமது பெயர் அடுத்த இதழின் முதல் பக்கத்தில்! - ஹெஸ்டர் டன்வூடி.'

பச்சைப் பொய்! அவள் யாரையும் பார்க்கவில்லை.

'வெள்ளிக் குவளை' என்று போடத்தான் நினைத்தாள். வரியில் இடம் இல்லை. 'பொருள்' என்று முடித்துவிட்டாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது!

*

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகை வெளியானது. பத்தரைக்குப் பின்வாசல் கதவு தட்டப்பட்டது.

போதகர்!

அங்கிக்குள்ளிருந்து ஒரு முழுப் பன்றித் தொடையை உருவி மேஜைமேல் வைத்தார்.

"ஹெஸ்டர்... நீ பார்த்தது எனக்குத் தெரியாதும்மா. பக்கத்து வீட்டுல கறிக்குப் புகை போடற அறையில தனியா தொங்கிட்டிருந்துச்சு. பார்க்கவே பரிதாபமா இருந்தது..."

ஹெஸ்டர் எதிர்பார்த்தது குவளையை. முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"பார்த்தேன் போதகரே. வெச்சுட்டுப் போங்க."

அடுத்து பள்ளிக்கூட வாத்தியார். சட்டைக் கைக்குள் ஆறு வெள்ளிக் கரண்டி.

"விருந்துக்குப் போன இடத்துல... கை தவறி பைக்குள்ள விழுந்துருச்சு. ஆனா ஏழாவது கரண்டி நான் எடுக்கலை. கடவுள் சத்தியம்!"

உண்மைதான். ஏழாவது கரண்டியை அரை மணி நேரத்தில் டாக்டரின் மனைவி கொண்டுவந்தாள்.

மத்தியானம்... தலையில் விறகுக் கட்டோடு ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். கான்ஸ்டபிள் க்ரம்ப்!

"சிறைச்சாலை விறகும்மா. என் வீட்டு அடுப்புக்கு... கொஞ்சூண்டு. ஆமா, ரோந்து போறவனே நான்தானே! என்னை எப்படிம்மா பார்த்தீங்க?"

"பார்க்கறவங்களையும் ஒருத்தர் பார்க்கணும்ல?"

சனிக்கிழமை பதினோரு மணி. மேஜைமேல் மூணு பன்றித் தொடை, ரெண்டு பொய்முடி, ஏழு கரண்டி, யாரோ ஒருவருடைய ஜன்னல் திரை. தரையில் ஒரு சேணம். மேஜைக்கு அடியில் உயிரோடு ஒரு வாத்து.

வெள்ளிக் குவளை?

இல்லை!

ஹெஸ்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஊரே திருடிவிட்டு வரிசையில் நிற்கிறது. திருடாத ஒருத்தி தூக்கில் தொங்கப்போகிறாள்...

டொக்... டொக்...

திறந்தாள்.

மாஜிஸ்திரேட் விக்கரி!

வெறுங்கை. நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளே நழுவிக் கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

"நிஜமாவே... பார்த்தீங்களா?"

ஹெஸ்டர் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாத்தையும் பார்த்தேன். உங்க வாயால சொல்லுங்க."

விக்கரி சேணத்தின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"புதன்கிழமை சேவல் சண்டைம்மா. ஒரு சர்க்கரைக் கப்பல் கேப்டன்கிட்ட குவளையைப் பந்தயம் வெச்சேன். என் சேவல் ஒரே குத்துல மல்லாந்துருச்சு. வியாழக்கிழமை விடிஞ்சதும், பெண்டாட்டி ஜெபம் பண்ணிட்டிருந்தப்ப, பெட்டியோட தூக்கிட்டுப் போய் அவன் கையில குடுத்துட்டேன். கடல் தண்ணி வடியற நேரம், கப்பல் கிளம்ப வசதின்னு உடனே பாய் விரிச்சுட்டான். இந்நேரம் பார்படோஸ் பக்கமா நடுக்கடல்ல போயிட்டிருப்பான்!"

"அதுக்காக ஒரு பொண்ணு கழுத்துல கயிறு மாட்டுவீங்களா?"

"நிஜத்தைச் சொன்னா என் பெண்டாட்டி என் கழுத்துல மாட்டிருவாளேம்மா!"

ஹெஸ்டர் எழுந்தாள். காகிதம், இறகுப் பேனா, மைக்கூடு மூன்றையும் அவர்முன் வைத்தாள்.

"எழுதுங்க. ஹனோரா மேல சொன்ன புகார் தப்பு. அவளோட ஒப்பந்தம் இன்னியோட ரத்து. கையெழுத்து போடுங்க."

"ஒப்பந்தமுமா? இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கே! இந்த ஊர்ல நல்ல வேலைக்காரி கிடைக்கறது..."

"முதல் பக்கத்துல உங்க பேரைப் பெரிய எழுத்துல போடவா... சின்ன எழுத்துல போடவா?"

கையெழுத்து விழுந்தது!

*

மூன்று மணிக்கு ஹனோரா வந்தாள். சிறையிலிருந்து நேராக எஜமான் வீட்டுக்குப் போய், தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஹெஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

"பாவி மனுஷன்! தானே கப்பல்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு உன்மேல பழி போட்டானேடி!"

ஹனோரா மூட்டையைக் கீழே வைத்தாள்.

"யாரு... ஐயாவா? பெட்டியோடவா?"

"பெட்டியோடதான்."

"திறந்து பார்க்காமலேவா?"

"அவசரத்துல எங்க திறக்கறது? ஏன் கேக்கறே?"

ஹனோரா வாயைப் பொத்திக்கொண்டு முக்காலியில் சரிந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஹெஸ்டர் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அழவில்லை... சிரித்துக்கொண்டிருந்தாள்!

"அந்தப் பெட்டி எங்க போச்சுன்னு மூணு நாளா ஜெயில்ல மண்டையைப் பிச்சுக்கிட்டேம்மா! பாவம் அந்த கேப்டன்..."

"அவன் ஏன்டி பாவம்?"

"பார்படோஸ்ல இறங்கி ஆசையா திறப்பாரு. உள்ள செங்கல்லு!"

ஹனோரா மூட்டையை அவிழ்த்தாள். பழைய பாவாடைக்குள்ளிருந்து பளபளவென்று வெளியே வந்தது...

வெள்ளிக் குவளை!

ஹெஸ்டரின் கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணம் தரையில் உருண்டது. வாத்து கத்திக்கொண்டே ஓடியது.

"அப்ப... அப்ப நீதானா?"

"புதன்கிழமையே எடுத்துட்டேம்மா. கிறிஸ்துமஸ் வரைக்கும் யாரும் பெட்டியைத் திறக்கமாட்டாங்க, அதனால கனம் குறைஞ்சது தெரியாம இருக்க மட்டும் ஒரு செங்கல்லை வெச்சேன். ஐயா பொய்முடி மாட்டற கட்டை உள்ள குடைஞ்சிருக்கும், குவளையை அதுக்குள்ள சொருகினேன். அதை என்னைத் தவிர யாரும் துடைக்கறதில்ல. இன்னிக்கு மூட்டையோட வெளிய வந்தேன். ஐயாவே வாசக்கதவைத் திறந்து விட்டாரு!"

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

ஹனோராவின் சிரிப்பு நின்றது.

"என் ஒப்பந்தம் போன மாசமே முடிஞ்சுதும்மா. ஒரு தட்டை உடைச்சேன்னு கோர்ட்டுல உக்காந்து, அவரே எழுதி அவரே கையெழுத்துப் போட்டு, இன்னும் ரெண்டு வருஷம் கூட்டிட்டாரு. தட்டை உடைச்சது அவர் வளர்க்கற சேவல். என் ரெண்டு வருஷத்தை அவர் எடுத்தாரு... அவர் குவளையை நான் எடுத்தேன்."

ஹெஸ்டர் மேஜையைப் பார்த்தாள். பன்றித் தொடைகளைப் பார்த்தாள். கரண்டிகளைப் பார்த்தாள். கடைசியில் ஹனோராவைப் பார்த்தாள்.

"ஹனோரா... நியாயமா பார்த்தா, திருடினது நீதான்னு நான் போய்ச் சொல்லணும்."

ஹனோரா குவளையை ஏப்ரன் நுனியால் பளிச்சென்று துடைத்தாள்.

"'எடுத்தது நான்தான்'னு ஒரு மாஜிஸ்திரேட்டே தன் வாயால ஒத்துக்கிட்டாரேம்மா... அந்தத் தீர்ப்பை மாத்த நாம யாரு?"