கறார்ப் பேழை

டெல்பின் பல் விளக்கி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டில் மூன்று பாட்டுகள் பிறந்துவிட்டன. ஒன்று இட்லிக்கு, ஒன்று பூனைக்கு, மூன்றாவது மனைவியிடம் மன்னிப்புக் கேட்க.

தூத்துக்குடிக் கடல்மேடையில் குடியிருந்த பதினோராயிரம் பேருக்கும் இது அன்றாட வழக்கம். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் நினைவுப்பேழையில் பாட்டுத்தறி என்ற மென்பொருள் ஓடும். யாருக்குப் பாட்டு வேண்டுமோ அவரை மனதில் நினைத்தால் போதும். அவரைப் பற்றிய நினைவுகளைப் பேழையிலிருந்து உருவி, மெட்டும் சொல்லுமாக நெய்து கொடுத்துவிடும்.

டெல்பினுக்கு மட்டும் அது ஓடாது. எப்போது முயன்றாலும் கண்முன் ஒரே வாசகம்: ‘தங்கள் பேழை பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகக் கருதுகிறது. இதில் பாட்டுத்தறியை நிறுவ இயலாது.’

இத்தனை வருடம் அவள் அதைப் பொருட்படுத்தியதில்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழி சொல்லும் வேலைக்குப் பாட்டு எதற்கு? ஆனால் இன்னும் பத்து நாளில் தம்பி ரெக்ஸனுக்குக் கல்யாணம். நெருங்கிய உறவினர்கள் மாப்பிள்ளைக்கு ஆளுக்கொரு பாட்டுக் கொடுப்பது இப்போது மோதிரம் போடுவதைவிடப் பெரிய சடங்கு. அம்மா இறந்தபோது அவனுக்கு ஐந்து மாதம், இவளுக்குப் பதினாறு வயது. தூக்கி வளர்த்த அக்கா வெறும் வாயோடு நிற்பதா?

அன்று மத்தியானமே மூன்றாம் தளத்தில் பேழை பழுதுபார்க்கும் காசிராஜனிடம் போனாள். அவன் அவள் காதுக்குப் பின்னால் ஒரு கம்பியை ஒட்டிவிட்டுத் திரையைப் பார்த்தான்.

“உங்களுது கறார்ப் பேழைக்கா. ஊருல மத்த எல்லாருக்கும் தாராளப் பேழை.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“நம்ம எழுத்துல பெரிசு, சின்னதுன்னு கிடையாதுல்லா? பேழைக்குள்ள இருக்கது இங்கிலீஷ் எழுத்து. ஒரே மாதிரி நினைவு ரெண்டு வந்தா ரெண்டுக்கும் ஒரே பேருதான் வைக்கும். முதல்ல வந்ததுக்குப் பெரிய எழுத்து, அடுத்து வந்ததுக்கு ஒரு எழுத்த மட்டும் சின்னதாக்கிரும். கறாருக்கு அது ரெண்டும் வேற வேற. தாராளத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். பாட்டுத்தறிய எழுதுனவங்க தாராளத்த நம்பி எழுதிட்டாங்க. ஒரு இடத்துல பெருசா எழுதி வச்சிட்டு இன்னொரு இடத்துல சின்னதாக் கூப்பிடுவாங்க. உங்க பேழை, ‘அப்படி ஒரு பேரே இங்க இல்ல’ன்னு கதவச் சாத்திரும்.”

“மாத்த முடியாதா?”

“அரை மணி நேர வேலைதான். ஆனா இதப் பாருங்க.”

திரையில் நீண்ட பட்டியல் ஒன்று ஓடியது. மாற்றினால் மோதக்கூடிய பெயர்கள். நாலாயிரத்துச் சொச்சம். டெல்பின் ஒரு வரியில் விரலை வைத்தாள். குழந்தைச் சிரிப்பு, குழந்தைச் சிரிப்பு. முதலாவது ரெக்ஸனுடையது. தொட்டிலில் மூச்சிழுத்து மூச்சிழுத்துச் சிரிப்பான். இரண்டாவது அவள் மகன் ஜெரோவுடையது. சத்தமே இல்லாமல் உடம்பெல்லாம் குலுங்கும்.

“மாத்துனா இதுல எது இருக்கும்?”

“முதல்ல வந்தது.”

“அப்ப ஜெரோ?”

“வலிக்காதுக்கா. ஒண்ணு குறைஞ்சிருக்குன்னே உங்களுக்குத் தெரியாது.” காசிராஜன் சிரித்தான். “எங்களுக்கெல்லாம் தெரியவா செய்யுது? எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. மூத்தவ சிரிச்சது அப்படியே இருக்கு. இளையவ…” அவன் கண்ணை மூடித் தேடினான். கொஞ்ச நேரம் தேடினான். “அவளும் அப்படித்தான் சிரிச்சிருப்பா” என்று மெதுவாகச் சொன்னான்.

டெல்பின் கம்பியைத் தானே பிடுங்கி மேசையில் வைத்தாள். “வேண்டாம் காசி. நான் வாயாலேயே பாடிக்கிறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, கடல்மேடையில் யாரும் வாயால் பாட்டுக் கட்டி முப்பது வருடம் ஆகியிருந்தது. மெட்டு என்பது எங்கே இருந்து வரும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கப்பல்களுக்கு இடையில் முணுமுணுத்துப் பார்த்தாள். சரக்குக் கப்பல் மாலுமி ஒருவன், “அம்மா, நான் இடதா வலதா?” என்று இரண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று. ஆறாம் நாள்தான் ஒரு வழி பிடிபட்டது. ரெக்ஸனின் சிரிப்புகளையே மெட்டாக்கினாள். தொட்டில் சிரிப்பு, பல் விழுந்த ஓட்டைச் சிரிப்பு, பரீட்சையில் கோட்டைவிட்டு வந்து சிரித்த அசட்டுச் சிரிப்பு, கல்யாணப் பெண் பிளெஸ்ஸியைப் பற்றி முதன்முதலில் சொன்னபோது வந்த வெட்கச் சிரிப்பு. ஒவ்வொன்றும் அவள் பேழையில் தனித்தனியாக, தெளிவாக இருந்தது.

கல்யாணத்தில் சித்தி முதலில் பாட்டைக் கொடுத்தார். பிறகு பெரியப்பா, மாமா. மூன்றும் ஒன்று போலவே இனிமையாக இருந்தன. கடைசியில் டெல்பின் எழுந்து நின்று வாயால் பாடினாள். இரண்டு இடத்தில் சுருதி தப்பியது. ஆனால் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். ஓட்டைப் பல் சிரிப்பு வந்த இடத்தில் ரெக்ஸன் சிரித்தான். அடுத்த அடியில் அழுதான். மேடையை விட்டு இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்கு வந்தார்கள்.

“அக்கா, உன் பாட்ட மறக்கவே முடியாது” என்ற ரெக்ஸன், உருகி உருகி முணுமுணுத்துக் காட்டினான். அது சித்தியின் பாட்டு.

பிளெஸ்ஸியும் அதையேதான் பாடினாள். டெல்பின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புரிந்தது. பேழை தூக்கத்தில்தான் அன்றைய நினைவுகளுக்குப் பெயர் வைத்து அடுக்கும். நேற்று வந்த நான்குக்கும் ‘கல்யாணப் பாட்டு’ என்றே பெயர். தாராளப் பேழைகள் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டன. அவள் பாடிய பாட்டு இப்போது உலகத்திலேயே அவளிடம் மட்டும்தான் இருந்தது.

வருத்தம்தான் வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு: அவனுக்கு அதை மறுபடியும் முதல்முறையாகப் பாடிக் காட்டும் ஆசை.

“உக்காருடா” என்று தம்பியின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். முதலிலிருந்து பாடினாள். இந்த முறை சுருதி தப்பவில்லை. ஓட்டைப் பல் வந்த இடத்தில் ரெக்ஸன் சிரித்தான். அடுத்த அடியில் அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: “ஏங்க்கா, இவ்வளவு நல்ல பாட்ட வச்சிக்கிட்டு கல்யாணத்துல ஏன் இதப் பாடல?”

டெல்பின் அவன் தட்டில் இன்னொரு ஆப்பத்தை வைத்தாள்.

“மறந்துட்டேன்டா” என்றாள்.