சாந்தாமணி ஒட்டிய இழை

தலையணையில் ஒரு நூல் கிடந்தது. ஒரு சாண் நீளம், வெள்ளை, ஈரமாக.

மில்லில் வேலை பார்ப்பவள் வீட்டில் நூல் கிடப்பதெல்லாம் ஒரு அதிசயமா என்று யாரும் கேட்கலாம். சாந்தாமணி வீட்டில் அதிசயம்தான். கணவர் காளிச்சாமி இருபத்திரண்டு வருஷம் மில்லில் பஞ்சு உதறி, அந்தத் தூசியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு படுத்த நாளிலிருந்து, சிங்காநல்லூர் லைன் வீட்டுக்குள் அவள் ஒரு துளிப் பஞ்சை விட்டதில்லை. இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிக் கொடுத்தாள். பருத்திச் சேலையை விட்டு நைலக்ஸுக்கு மாறினாள். ஷிப்ட் முடிந்து வந்தால் கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் படியேறுவாள். லைனில் அவளுக்கு மடிக்காரி என்று பேரே வைத்துவிட்டார்கள்.

எல்லாம் தை மாசம் வரைக்கும்தான். "தை மாசம் புது மருந்து ஒண்ணு வருதுங்கம்மா. வந்ததும் மொதல்ல இவருக்குத்தான். அதுவரைக்கும் எப்படியாவது காப்பாத்தி வெச்சுக்குங்க" என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அப்படிச் சொல்லி இரண்டு தை போய்விட்டது. மூன்றாவதை அவள் நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

நூலை அடுப்பில் போட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போனது. மண்ணெண்ணெய்ப் புகை ஆகாது என்று மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக் கட்டிலருகே உட்கார்ந்தாள். நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடை, அவர் நெஞ்சில் தடவிய தைலத்தின் காரம், இரண்டுக்கும் அடியில் மில்லுக்குள் மட்டுமே வரும் அந்தச் சூடான எண்ணெய் வாடை. காளிச்சாமியின் இழுப்புச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் மெல்லியதாக ரீங்கரித்துக்கொண்டிருந்தது, தூரத்தில் நூல் நூற்கும் கதிர்கள் சுற்றுவது போல. காதில் தங்கிய மில் இரைச்சல் என்று முதலில் நினைத்தாள். குனிந்தபோதுதான் தெரிந்தது, அது அவர் விலாவுக்குள்ளிருந்து வந்தது.

அவர் இருமினார். உதட்டோரம் ஒரு நூல்முனை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, வாயைத் தொறங்க."

இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. விரலில் உருட்டிப் பார்த்தாள். நாற்பதாம் நம்பர் நூல், சீரான முறுக்கு. அவர் நெஞ்சுக்குள் போனது வெறும் தூசி. யாராவது நூற்றால்தானே தூசி நூலாகும்?

"இழு அம்மணி. நெஞ்சு லேசாகுது. மூணு வருசமா இப்படி மூச்சு வந்ததில்ல."

அத்தனையும் ஒரே மூச்சில் சொன்னார். மருந்து எதற்கு, இது போதுமே. மில்லிலிருந்து எப்போதோ வந்து சன்னலில் கிடந்த, நூல் சுற்றும் இரண்டு காலி பாபின்களில் ஒன்றைத் தரையில் நிறுத்திச் சுற்றத் தொடங்கினாள். பத்து முழம். ஐம்பது முழம். அவர் நெஞ்சின் இழுப்பு நின்றது. ரீங்காரம் நிற்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் கன்னம் குழிந்திருந்தது. நகங்கள் வெளுத்திருந்தன. பனியன் விலா எலும்புகளுக்கிடையே இறங்கியிருந்தது. வெளியே வருவது தூசி இல்லை.

பட்டென்று நூலை அறுத்தாள்.

காளிச்சாமி மூச்சை இழுத்து விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. உதட்டில் ஒரு விரல் நீளம் நூல் தொங்கியது.

"கொஞ்சம் சுடுதண்ணி குடு."

அழுதுகொண்டே டம்ளரை நீட்டினாள். ஒரு கையால்தான் நீட்டினாள். மறு கையை அவள் கவனிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக மெஷினில் அறுந்த இழைகளை ஒட்டிய கை அது. அறுந்த முனையைக் கண்டால் அவளைக் கேட்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உதட்டு முனையையும் பாபின் முனையையும் சேர்த்து ஒரு உருட்டு உருட்டின. அவ்வளவுதான். சாந்தாமணி ஒட்டினால் அறாது என்று மில் மேஸ்திரி ஊரெல்லாம் சொல்வார்.

தரையில் பாபின் சுற்றியது.

யாரும் தொடவில்லை. வேகமாகச் சுற்றியது. இழுத்தாள். அறவில்லை. கடித்தாள். பல்லில் ரத்தம். நூல் அறவில்லை.

டம்ளர் உருண்டது. காளிச்சாமியின் வாய் அசைந்தது. குரல் இல்லை, குரலுக்கு மூச்சு இல்லை. மில் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேச்சை அறிந்தவள் அவள். அவளுக்குப் புரிந்தது.

அறுத்துப்போடு அம்மணி.

மறுபடியும். அறுத்துப்போடு.

பாபின் நிரம்பியது. நின்றது.

அவள் கை அதை எடுத்து ஓரமாக வைத்தது. அடுத்த காலி பாபினை அந்த இடத்தில் நிறுத்தியது. கட்டிலில் பனியன் தட்டையாகக் கிடந்தது. அதற்கு மேலே உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.